சிந்திய டோனரும் வேக்கம் கிளீனரும்: திருநகர் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை திருநகரில் ஒரு தனி வீடு. அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், அப்பத்தா என்று நான்கு பேர். அம்மா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறார். தை பிறந்துவிட்டால் திருப்புதல் தேர்வுக் காலம். தினமும் மாதிரி வினாத்தாள் ஓட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு நடந்து சலித்துப்போய், சில வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்கியிருக்கிறார்கள். அச்சுப் படத்தைத் தாங்கும் ட்ரம் உருளை, டோனர் எனும் அச்சுத்தூள், மிஞ்சும் தூள் சேரும் கழிவுத்தூள் அறை மூன்றும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கிய வகை. பிரிண்டர் சர்வீஸுக்குப் போகும் வீடுகளிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் நான் அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான்.

பிரிண்டர் இருந்த இடம் அப்பத்தா படுக்கும் அறை. கட்டிலை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டில், ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே. அதே சுவரில் சாமி படங்களும் மாட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் வீடு. அப்பத்தாவுக்கு நெடுநாளாக வீசிங் உண்டு, இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

டோனர் தீரும்போதெல்லாம் ரீஃபில்தான். ஒரு கடைப் பையன் வீட்டுக்கே வந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாட்டிலில் உள்ள தூளைக் கொட்டி, திரும்ப மூடிக் கொடுத்துவிட்டுப் போவான். பத்து நிமிட வேலை. இப்படி ஐந்தாறு தடவை நடந்திருக்கிறது. ஒரு தடவைகூடக் கழிவுத்தூள் அறையைத் திறந்து கொட்டியதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அப்படி ஓர் அறை உள்ளே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

முன்பே தெரிந்த அறிகுறிகள்

சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பிரிண்டர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு வந்திருக்கிறது. பிறகு, ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளி. கடைசியாகத் தாளின் பின்பக்கம் அழுக்கானது. டியூஷன் பிள்ளைகள் விரலில் கரி ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிற்பாடு அந்தத் தாள்களை ஸ்கேல் வைத்து அளந்தேன். புள்ளிகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ட்ரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தாள் நகரும் தூரம் அதுதான். ஆகவே புள்ளிக்குக் காரணம் ட்ரம்மின் மேற்பரப்பில் ஏதோ ஓரிடத்துக் காயம். கோட்டுக்குக் காரணம் ட்ரம்மை வழிக்கும் வைப்பர் பிளேடோ ட்ரம் கீறலோ. பின்பக்க அழுக்கு இவற்றைவிட அவசரமான சேதி. தூள் கார்ட்ரிட்ஜை விட்டு வெளியேறி, தாள் போகும் பாதையில் விழுகிறது என்று அதற்குப் பொருள்.

இந்த மூன்று அறிகுறிகளுக்கும் வீட்டில் எடுத்த நடவடிக்கை, செட்டிங்கில் போய் அச்சின் அடர்த்தியைக் கூட்டியது. தூள் இன்னும் வேகமாகச் செலவானது, கழிவும் அதற்கேற்ப ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை

மறுநாள் தேர்வுக்கு நாற்பது செட் வினாத்தாள் வேண்டும். பாதியில் தாள் சிக்கியது. மகன் மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தான். டோனர் குறைந்தால் குலுக்கிப் போடலாம் என்று எங்கோ கேட்ட நினைவு. கார்ட்ரிட்ஜைப் படுக்கைவசத்தில் வைத்து மெல்லப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டுவது வேறு. அவன் கட்டில்மேல் உட்கார்ந்து, நிமிர்த்திப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினான். கழிவு அறையில் அடைத்துக்கிடந்த தூள் பிளேடு ஓரமாகப் பொலபொலவென்று கொட்டியது. மெத்தை விரிப்பு, தலையணை, தரை எல்லாம் கருப்பு. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை நடந்தது தொல்லை மட்டுமே. ஆபத்தாக மாறியது அடுத்த அரைமணி நேரத்தில்.

மகன் வீட்டு வேக்கம் கிளீனரை எடுத்துவந்து தரையில் ஓட்டினான். டோனர் துகள் ஒன்றின் அளவு ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். சாதாரண வேக்கம் கிளீனரின் துணிப்பை வீட்டுத் தூசியைப் பிடிக்கச் செய்தது. இந்தத் தூள் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் காற்றோடு வெளியே வந்துவிடும். வந்தது. அறை முழுக்கப் புகைபோலப் பரவியதாக அம்மா சொன்னார். தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பிசின், கூடவே கரி, மெழுகு, சில வகைகளில் இரும்பு ஆக்சைடு. காற்றில் அடர்ந்து நிற்கும்போது பொறி பட்டால் பற்றக்கூடியது. வேக்கம் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி சாதாரணமாகவே பறக்கும். ஒரு கைப்பிடி தூளுக்கு அந்த அளவு போவது அரிதுதான். ஆனால் மூச்சுக்குள் போவதற்கு ஒரு கைப்பிடி தாராளம்.

அதே நேரத்தில் அம்மா விரிப்பை உருவிக்கொண்டுபோய் கீசர் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துவிட்டார். கறை என்றால் வெந்நீர் என்பது பழக்கம். டோனர் பிசின் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். பிரிண்டருக்குள் ப்யூசர் செய்வதும் இதே வேலைதான், அங்கே 180, 200 டிகிரியில். தூளை இளக்கித் தாளோடு ஒட்டவைக்கிறது. கீசர் தண்ணீர் நூலோடு ஒட்டவைத்தது.

மூன்றாவது, சானிடைசர். கொரோனா காலத்து பாட்டில் ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்திருக்கிறது. மகன் அதைத் துணியில் நனைத்து, பிரிண்டருக்குள் கண்ணில் பட்ட கருப்பு ஸ்பாஞ்ச் உருளையை அழுத்தித் துடைத்திருக்கிறான். அந்த உருளைதான் தூளை ட்ரம்மிலிருந்து தாளுக்கு இழுக்கும் ட்ரான்ஸ்ஃபர் ரோலர். கருப்பாக இருப்பது அதன் நிறம், அழுக்கல்ல. பிரிண்டரின் ப்ளக் அப்போதும் போர்டில்தான் இருந்தது.

போனில் சொன்னது

அப்பத்தாவுக்கு இருமல் நிற்கவில்லை என்றதும் அப்பா எனக்குப் போன் செய்தார். பிரிண்டரைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நான் அதை ஒதுக்கிவிட்டு அப்பத்தாவை வெளித்திண்ணைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். முகம், கை, வாய் எல்லாம் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, கண்ணில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், இன்ஹேலரை வழக்கப்படி எடுக்கட்டும், அதற்கும் மூச்சு அடங்காவிட்டால் பிரிண்டரை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன்.

பிறகு அறை. மின்விசிறியை நிறுத்தி, வேக்கமை இருந்த இடத்திலேயே அணைத்து, கதவைச் சாத்திவிடச் சொன்னேன். துடைப்பம் எடுக்க வேண்டாம், யாரும் உள்ளே நடக்க வேண்டாம்.

பிரிண்டர் ப்ளக்கை எடுக்கச் சொன்னபோது அப்பா, "மெயினையே ஆஃப் பண்ணிட்டேன் தம்பி" என்றார். விளக்கு எரிகிறதா பாருங்கள் என்றேன். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த அறையின் ப்ளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மெயினை அணைத்தால் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும். ப்ளக்கைக் கையால் உருவினால்தான் பிரிண்டர் அணைந்ததாகக் கணக்கு. இன்வெர்ட்டர் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

நேரில் கண்டது

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பத்தா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு சீராகியிருந்தது. "எச்சி துப்புனாக் கூட அடுப்புக்கரி மாதிரி வருதுப்பா" என்றார். நல்லவேளையாகக் கண்ணில் எரிச்சல் இல்லை.

அறையில் தூள் இரண்டு விதமாகக் கிடந்தது. கட்டிலருகே குவியலாக விழுந்தது ஒன்று. வேக்கமின் காற்று போன பக்கமெல்லாம், அலமாரிக் கண்ணாடி, சாமி படங்கள், மின்விசிறி இறக்கை என்று சன்னமாகப் படிந்தது இன்னொன்று. முதலாவதைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இரண்டாவதுதான் அன்றைய பொழுதைத் தின்றது.

கார்ட்ரிட்ஜை வாசல் வராந்தாவில் நியூஸ்பேப்பர் விரித்து, N95 மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு பார்த்தேன். கழிவு அறை கழுத்துவரை நிரம்பிக் கெட்டித்திருந்தது. வேலை நடக்கிற விதம் இது: ட்ரம்மில் ஒட்டிய தூள் முழுவதும் தாளுக்குப் போய்விடாது, கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை ஒவ்வொரு சுற்றிலும் வைப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறைக்குள் தள்ளும். அறை நிரம்பிவிட்டால் வழித்த தூளுக்குப் போக்கிடம் இல்லை. பிளேடை நெம்பிக்கொண்டு திரும்பி வரும், ட்ரம்முக்கு மின்னேற்றம் தரும், பி.சி.ஆர். எனப்படும் சார்ஜ் ரோலரில் அப்பும், மிச்சம் கீழே சிந்தும். இங்கே பிளேடின் விளிம்பில் ஓரிடம் நைந்திருந்தது. அதே நேர்க்கோட்டில் ட்ரம்மில் ஒரு வளையக் கீறல். தாளின் கோடு அங்கிருந்துதான். புள்ளிக்குரிய சிறு பள்ளமும் ட்ரம்மில் தெரிந்தது. பார்த்து முடித்ததும் ட்ரம்மைக் கருப்புத் துணியால் மூடினேன். அது வெளிச்சத்தில் கெடும் பொருள். வெயில் விழும் வராந்தாவில் திறந்துபோடக் கூடாது.

ஆக, தூள் சிந்தியதன் மூலம் ஞாயிற்றுக்கிழமை தட்டிய தட்டு அல்ல. அன்று தட்டாமல் இருந்திருந்தாலும் இன்னும் சில நாளில் பிரிண்டருக்குள்ளேயே கொட்டியிருக்கும். மூலத்தைக் கண்டுபிடிக்காமல் துடைக்க ஆரம்பித்திருந்தால் அதே கார்ட்ரிட்ஜை உள்ளே போட்டு, அடுத்த வாரம் மறுபடி துடைத்துக்கொண்டிருப்போம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

"ப்ளோயர் கொண்டாரலையா தம்பி? கடையில எல்லாம் ஊதித்தானே விடுறாங்க?" என்று அப்பா கேட்டார். கேள்வி சரிதான். சர்வீஸ் கடைகளில் பிரிண்டரைத் தெருவோரம் வைத்து ப்ளோயரால் ஊதுவது பழக்கமாகிவிட்டது. ஊதுகிறவருக்கும் அது நல்லதல்ல, பக்கத்துக் கடைக்காரருக்கும் அல்ல. பிரிண்டருக்கும் கெடுதல்தான். தூள் லேசர் பெட்டிக்குள்ளும் பவர் சப்ளை போர்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ப்ளோயர் வேண்டாம் என்பது முதல் முடிவு. டப்பா ஸ்பிரே காற்றும் வேண்டாம். அவற்றில் பல தீப்பற்றும் வாயுவால் நிரப்பப்படுபவை. ப்யூசர் சூடாக இருக்கும்போது அடித்தால் விபரீதம்.

அறையைக் குளிர்ந்த ஈரத்தால் மட்டும் துடைப்பது இரண்டாவது முடிவு. குவியலின் மேல் நனைத்துப் பிழிந்த துணியைப் போர்த்தி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருட்டி எடுத்தோம். அழுக்கான பக்கம் உள்ளே போகும்படி மடித்து, ஒரு துணியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் பையில் போட்டோம். பழைய வேட்டி ஒன்று முழுசாகச் செலவானது. மின்விசிறி இறக்கையைத் துடைக்காமல் அன்று யாரும் சுவிட்சைப் போடக்கூடாது என்று சொல்லி, இறக்கைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாக வழித்தோம். சாமி படங்களை அம்மாவே இறக்கித் துடைத்தார்.

துணிமணி விஷயத்தில் தலையணை உறை தப்பித்தது. அதை மொட்டை மாடியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று உதறி, பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு துவைத்ததில் கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. வெந்நீரில் ஊறிய விரிப்பு சாம்பல் நிறமாகவே நின்றது. மேற்கொண்டு அயர்ன் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பிரிண்டரில் கை வைக்கும் முன் ஒரு மணி நேரம் விட்டோம், ப்யூசர் ஆற. காய்ந்த, நூல் உதிராத துணியால் கார்ட்ரிட்ஜ் உட்காரும் குழியையும் தாள் பாதையையும் துடைத்தேன். தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரை மட்டும் லேசான ஈரத்துணியால் உருட்டி எடுத்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். "இதெல்லாம் துடைக்கலையாண்ணே?" என்று மகன் ப்யூசர் பக்கமும் உள்ளே தெரிந்த பல்சக்கரங்கள் பக்கமும் கை காட்டினான். சக்கரங்களில் கிரீஸ் இருக்கிறது, துடைத்தால் போய்விடும். ப்யூசரின் மெல்லிய ஃபிலிமை, நம் ஊரில் டெஃப்லான் என்று சொல்வதை, ஒரு நகம் கீறினாலும் போதும், எல்லாத் தாளிலும் அது அச்சாகும். வேலை செய்கிற பாகத்தை அழகுக்காகத் துடைப்பதில்லை என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் வீட்டில் செய்யும் சுத்தத்துக்கும் சர்வீஸுக்கும் கோடு விழுகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. மூடி திறந்தபடியே பிரிண்டர் ஓடுவதைப் பார்க்க, உள்ளே இருக்கும் சிறு சுவிட்சைக் குச்சியால் அழுத்திப் பிடிக்கலாமா என்று கேட்டான். கூடவே கூடாது. மூடியிருக்கும்வரை இந்த இயந்திரம் கண்ணுக்குப் பாதுகாப்பான வகுப்பு 1 லேசர் சாதனம். உள்ளே இருக்கும் கதிர் அப்படியல்ல, அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்தச் சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான்.

சானிடைசர் பட்ட ட்ரான்ஸ்ஃபர் ரோலரைக் கழுவிப் பார்க்கலாமா என்ற யோசனையை ஏற்கவில்லை. குறிப்பிட்ட அளவு மின்தடை இருக்கும்படி செய்த ஸ்பாஞ்ச் அது. விரல் எண்ணெய்கூட ஆகாது. புதிதாக மாற்றினோம், சில நூறு ரூபாய்தான்.

கார்ட்ரிட்ஜில்தான் பேச்சு நீண்டது. ட்ரம், வைப்பர் பிளேடு, பி.சி.ஆர். மாற்றி, கழிவைக் கொட்டி, ரீஃபில் செய்தால் ஓடும். ஆனால் ஐந்தாறு முறை திறந்த கூட்டின் சீல்கள் தளர்ந்திருந்தன, வீட்டில் வீசிங் உள்ள ஆள் இருக்கிறார். வேறு கம்பெனி செய்த, இதே பிரிண்டருக்குப் பொருந்தும் புதிய கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ் வாங்குவது என்று முடிவானது. தனியாக வாழும் கல்லூரிப் பையன் கேட்டிருந்தால் ஒருவேளை பாகம் மாற்றிக் கொடுத்திருப்பேன்.

பின்விளைவு

புதிய கார்ட்ரிட்ஜ் போட்டு முதலில் வெற்றுத்தாள்களை ஓட்டினோம். தாள் பாதையில் மிச்சமிருந்த தூளைத் தாளே எடுத்துக்கொண்டு வரும். முதல் சில தாள்களில் பின்பக்கம் பொட்டுப்பொட்டாக வந்து, பிறகு நின்றது. வினாத்தாள் அன்று மாலையே ஓடியது.

அப்பத்தாவுக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது. பகுதி டாக்டரிடம் காட்டினார்கள். நெஞ்சில் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். தரை டைல்ஸ் சுத்தமாகிவிட்டது, டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமெண்ட் கோடுகள் மட்டும் கட்டிலருகே கருத்தே இருக்கின்றன. வேக்கம் கிளீனரின் பையை எறிந்தார்கள். உள்ளே படிந்தது முழுவதும் வராது என்பதால் அதை வீட்டுக்குள் ஓட்டுவதில்லை.

மாசி வாக்கில் இன்னொரு குறை: அச்சில் நெடுக ஒரு வெளிறிய பட்டை. கருப்புக் கோடு என்றால் ட்ரம் பக்கம் பார்க்க வேண்டும். வெளிறிய பட்டை என்றால் லேசர் வரும் வழியை ஏதோ மறைக்கிறது. லேசர் பெட்டியின் நீளக் கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம். ரோட்டுப் புழுதியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தது என்பது என் ஊகம். ப்ளக்கை எடுத்துவிட்டு, காய்ந்த மெல்லிய துணியால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. பட்டை போய்விட்டது. பிரிண்டரை அதே ஜன்னலடியில் வைத்திருந்ததால் வந்த வினை. அன்றைக்குத்தான் இடம் மாற்றச் சம்மதித்தார்கள்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பிரிண்டர் இப்போது முன்ஹாலில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அப்பத்தா அறையில் இல்லை. ஓடி முடித்து ஆறிய பிறகு துணி போட்டு மூடுகிறார்கள். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ மூடுவதில்லை. ப்ளக் இன்வெர்ட்டர் இல்லாத லைனுக்குப் போய்விட்டது. ப்யூசர் சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். அந்த வீட்டு இன்வெர்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆனதற்கும் காரணம் இதுவே என்று அப்பாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

ரீஃபில் கடைப் பையனிடம் கழிவு அறையைப் பற்றிக் கேட்டேன். "அதக் கொட்டச் சொல்லி யாருமே கேக்க மாட்டாங்கண்ணே. கொட்டுனா நேரமாகும், காசு கூடக் கேட்டா சண்டைக்கு வருவாங்க" என்றான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரீஃபில் செய்தே தீர வேண்டிய வீடுகளுக்கு நான் சொல்வது: கூடக் காசு கொடுங்கள், கழிவைக் கொட்டச் சொல்லுங்கள், கார்ட்ரிட்ஜைக் கடைக்கு அனுப்பி வாங்குங்கள், படுக்கையறைத் தரையில் வைத்துச் செய்ய விடாதீர்கள். தாளின் பின்பக்கம் கறுத்தால் அன்றே அச்சை நிறுத்துங்கள். உபரிக் கார்ட்ரிட்ஜ் வாங்கி வைப்பவர்கள் அதை அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ விட்டுவிட்டால் தூள் கட்டிபிடித்துவிடும்.

அலமாரியில் சானிடைசர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பை இருக்கிறது. மாஸ்க், கையுறை, பழைய பருத்தித் துணிகள். மகனே தயார் செய்தது.

பழைய கார்ட்ரிட்ஜ் வாயை டேப்பால் ஒட்டி, பையில் கட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்துக்குப் போனது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு அதன் கார்ட்ரிட்ஜும் சேர்த்தே பட்டியலில் இருக்கிறது. அழுக்குத் துணிகளும் வேக்கம் பையும் இரட்டைப் பையில் இறுக்கிக் கட்டப்பட்டன. காலையில் வண்டி வந்தபோது, உள்ளே மெல்லிய கரித்தூள் இருக்கிறது, பிரிக்க வேண்டாம், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம் என்று தூய்மைப் பணியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தார் அம்மா.